‘க்ளோஸ்’ படத்தில் கொடுமை எங்கே இருக்கிறது?

பெல்ஜியப் படமான ‘க்ளோஸ்’ பற்றி இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகளிடையே நிலவும் தன்பாலீர்ப்பு வெறுப்பைப் பேசும் படம் என்று பலரும் சொல்லக் கேட்டுப் பார்த்ததாகவும், ஆனால் அதில் அடிதடியோ ஓயாத சித்திரவதையோ இல்லை என்றும், அந்த இரு சிறுவர்களும் தன்பாலீர்ப்பு உடையவர்கள்தானா என்பதைக்கூடப் படம் கடைசிவரை சொல்லவில்லை என்றும், பிறகு எப்படி அதை அந்த வகைப் படமாகக் கொள்வது என்றும் கேட்கிறீர்கள். நீங்கள் ஆசிரியராக இருக்கும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைக் காட்டலாமா என்பது இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தில் கொடுமை நிச்சயமாக இருக்கிறது. அதை நிறைவேற்றுகிறவன் லியோ. வகுப்பில் உள்ள எந்த முரடனும் கட்டளையிடாமலே, தன் உயிர் நண்பன் ரெமியின் மீது அவனே அதைச் செய்கிறான். ஒரு கூட்டம் சேர்ந்து செய்யக்கூடிய வேலையைப் பயம் அந்த ஒரு சிறுவனைக் கொண்டே செய்து முடித்துவிடுகிறது. இதை மனத்தில் கொண்டு மறுபடி பார்த்தால், பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றிய காட்சிகளெல்லாம் எவ்வளவு கடுமையானவை என்பது புலப்படும். இனி எழுதுவதில் படத்தின் முடிவும் பேசப்படுகிறது என்பதை இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

இயக்குநர் லூகாஸ் டோன்ட் 1991இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பிறந்தவர். ஏஞ்சலோ டைசன்ஸுடன் இணைந்து எழுதி அவர் இயக்கிய இரண்டாவது முழுநீளப் படம் இது. 2022ஆம் ஆண்டின் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் ப்ரீ விருதைப் பிரெஞ்சு இயக்குநர் கிளேர் டெனியின் படத்தோடு பகிர்ந்துகொண்டது. 2023இல் சிறந்த சர்வதேசத் திரைப்படத்துக்கான ஆஸ்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. லியோவாக நடித்த ஈடன் டம்பிரினை டோன்ட் முதன்முதலில் பார்த்தது ஒரு ரயில் பயணத்தில். நண்பர்களோடு பேசிக்கொண்டிருந்த அந்தச் சிறுவனின் முகம் அவரை நிறுத்தியிருக்கிறது. அது வியப்பளிக்கவில்லை, படத்தின் பாதிக்கு மேல் வசனமே இல்லாமல் அந்த முகத்தின் மீதுதான் நடக்கிறது.

லியோவுக்கும் ரெமிக்கும் பதின்மூன்று வயது. லியோவின் குடும்பம் மலர்ச் சாகுபடி செய்கிறது. முதல் காட்சியில் இருவரும் ஒரு பாழடைந்த இடத்தில் ஒளிந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத எதிரிகள் நெருங்கி வருவதாகக் கற்பனை செய்து, கிசுகிசுக் குரலில் எச்சரித்துக்கொண்டு, பிறகு பூக்களுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடுகிறார்கள். ரெமியின் வீட்டில் ஒரே கட்டிலில் தூங்குகிறார்கள். ரெமிக்குத் தூக்கம் வராதபோது லியோ கதை சொல்கிறான். ரெமி ஓபோ என்ற குழலிசைக் கருவியை வாசிக்கும்போது லியோ பெருமை பொங்கப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ரெமியின் தாய் சோஃபிக்கு லியோ இன்னொரு மகன் போன்றவன். இந்த நெருக்கத்துக்கு அவர்கள் எந்தப் பெயரும் வைத்திருக்கவில்லை. பெயர் தேவைப்படவும் இல்லை. இரண்டு குடும்பங்களிலும் யாரும் அதை விசித்திரமாகப் பார்ப்பதும் இல்லை.

விடுமுறை முடிந்து புதிய பள்ளியாண்டு தொடங்குகிறது. நீங்கள் இருவரும் ஜோடியா என்று சில மாணவிகள் கேட்கிறார்கள். அவர்கள் குரலில் பகை இல்லை. ஆர்வமும் சற்றே குறும்பும்தான் இருக்கின்றன. லியோ உடனே, தேவைக்கு மேற்பட்ட வேகத்தோடு, இல்லை என்கிறான். நாங்கள் நெருங்கிய நண்பர்கள், கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி என்று விளக்குகிறான். அந்தப் பெண்கள் விடுவதாக இல்லை. நண்பர்கள் என்பதற்கு மேல் நெருக்கம் தெரிகிறதே என்கிறார்கள். ரெமி பெரும்பாலும் மௌனமாகவே இருக்கிறான். படம் முழுவதையும் இந்த ஒரு நிமிடம் தாங்கி நிற்கிறது என்று நான் கருதுகிறேன். அந்தக் கேள்வி வரும்வரை லியோ தன் நட்பை உள்ளிருந்து மட்டுமே அறிந்திருந்தான். அது வந்தபின் முதன்முறையாகத் தன்னை வெளியிலிருந்து பார்க்கிறான். பிறர் கண்ணில் தான் என்னவாகத் தெரிகிறேன் என்ற கணக்கு அன்றைக்கே அவன் மனத்தில் குடியேறிவிடுகிறது. பின்னர் ஒரு பையன் போகிற போக்கில் ஒரு வசைச்சொல்லை வீசுகிறான். வெளியிலிருந்து வரும் சீண்டல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு நடப்பவற்றைத் தனித்தனியாக எடுத்தால் எந்த ஆசிரியரும் குறிப்பேட்டில் எழுதிவைக்கமாட்டார். புல்வெளியில் படுத்திருக்கும் லியோவின் மீது ரெமி வழக்கம்போலத் தலை சாய்க்கிறான், லியோ நகர்ந்துகொள்கிறான். ரெமியின் வீட்டில் தங்கும் இரவில் லியோ கட்டிலை விட்டுத் தரையில் மெத்தை போட்டுப் படுக்கிறான். ரெமி இறங்கி வந்து அருகில் படுக்க, காலையில் அது சண்டையாகிறது. பனிச்சறுக்கு ஹாக்கி அணியில் சேரும் லியோ, பயிற்சியைப் பார்க்க ரெமி வந்து நிற்பதைக் கண்டு கூசுகிறான். ஒரு நாள் காலையில் ரெமிக்காகக் காத்திராமல் தனியே சைக்கிளில் பள்ளிக்கு வந்துவிடுகிறான். ஏன் காத்திருக்கவில்லை என்று ரெமி எல்லோர் முன்னிலையிலும் அழுதுகொண்டே கேட்கிறான். லியோ ஏதேதோ காரணம் சொல்லி மழுப்புகிறான். ரெமி அவன் மீது பாய்கிறான். ஆசிரியர்கள் ஓடிவந்து இருவரையும் பிரித்துவிடுகிறார்கள். பள்ளியின் கண்ணுக்குத் தெரிந்த ஒரே நிகழ்ச்சி இந்தச் சண்டைதான். அதில் கை ஓங்கியவன் ரெமி. அதாவது பள்ளியின் கணக்கில், பாதிக்கப்பட்ட சிறுவனே குற்றம் செய்தவன். இப்படித்தான் நடக்கும் என்பதை நீண்டகாலம் பிள்ளைகளோடு பழகிய எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

ஹாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த விளையாட்டுக்குத் தோள்காப்பு, மார்புக்காப்பு, முகத்தை மறைக்கும் கம்பிவலைத் தலைக்கவசம் என்று உடல் முழுவதையும் மூடிக்கொள்ள வேண்டும். தொடக்கத்தில் கற்பனை எதிரிகளிடமிருந்து இருவரும் சேர்ந்து ஒளிந்தார்கள்; இப்போது உண்மையான பார்வைகளிலிருந்து லியோ தனியாக ஒரு கவசத்துக்குள் ஒளிந்துகொள்கிறான். முரட்டுத்தனம் அவன் இயல்பில் இருந்ததாகப் படம் எங்கும் காட்டவில்லை. சந்தேகிக்கப்படாத ஓர் ஆண்பிள்ளையாகத் தெரிவதற்கு அவன் கொடுக்கும் விலை அது. ஆனால் அந்த விலையில் பெரும்பங்கைச் செலுத்துபவன் ரெமி.

இனி, அந்தச் சிறுவர்கள் தன்பாலீர்ப்பு உடையவர்களா என்பதைப் படம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். அதைச் சொல்லியிருந்தால் அந்த மாணவிகள் கேட்ட கேள்வியையே படமும் கேட்டதாக ஆகியிருக்கும். பார்வையாளர்களான நாமும் அந்த மாணவிகளோடு உட்கார்ந்து, இவர்கள் யார் என்று வகைப்படுத்தச் சொல்லி வற்புறுத்தியிருப்போம். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தன்பாலீர்ப்பு வெறுப்பு வேலை செய்ய அங்கே தன்பாலீர்ப்பு உடைய ஒருவர் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சந்தேகம் ஒன்று போதும். ஒருவேளை அவர்களில் ஒருவனோ இருவருமோ பின்னாளில் தம்மை அவ்வாறு அறிந்திருக்கலாம், அறியாமலும் போயிருக்கலாம். பதின்மூன்று வயதில் அதை அறிந்துகொள்ளும் அவகாசம்கூட அவர்களுக்குத் தரப்படவில்லை என்பதே இழப்பின் ஒரு பகுதி.

டோன்ட் இந்தப் படத்துக்கான தூண்டுதலாகக் குறிப்பிடுவது, நியூயார்க் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் நியோபி வே 2011இல் வெளியிட்ட ஆய்வு நூலை. பதின்பருவ ஆண்பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து நேர்கண்டு எழுதப்பட்டது அந்நூல். பதின்பருவத்தின் தொடக்கத்தில் தங்கள் நண்பர்களைப் பற்றி அன்பு என்ற சொல்லைத் தயங்காமல் பயன்படுத்தி, ரகசியங்களைப் பகிர்ந்துகொள்ள அவன் இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்றெல்லாம் பேசும் பிள்ளைகள், பதினைந்து பதினாறு வயதை எட்டும்போது அந்தப் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்; நட்பைப் பற்றிக் கேட்டாலே, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்ற மறுப்பு முந்திக்கொண்டு வருகிறது. ஆண்பிள்ளைகளின் தற்கொலை விகிதம் பெண்பிள்ளைகளினுடையதைவிட வெகுவாக உயரத் தொடங்குவதும் அதே வயதில்தான் என்பதை வே சுட்டிக்காட்டுகிறார். டோன்ட் தன்பாலீர்ப்பு உடையவர். சிறுவயதில் பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தில் நண்பர்களைத் தாமே விலக்கியதைப் பற்றி நேர்காணல்களில் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஆகவே லியோவின் துரோகத்தை அவர் வெளியில் நின்று குற்றம் சாட்டும் குரலில் எடுக்கவில்லை. படத்துக்கு இருக்கும் கருணை அங்கிருந்துதான் வருகிறது.

கதை நடக்கும் நாட்டையும் மறக்கக் கூடாது. ஒரே பாலினத்தவர் திருமணத்தை நெதர்லாந்துக்கு அடுத்து உலகில் இரண்டாவதாகச் சட்டமாக்கிய நாடு பெல்ஜியம், ஆண்டு 2003. 2006இல் அத்தகைய இணையர் குழந்தைகளைத் தத்தெடுக்கவும் உரிமை கிடைத்தது. தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறியப்பட்ட எலியோ டி ரூப்போ 2011 முதல் 2014 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தார். லியோவும் ரெமியும் பிறக்கும் முன்பே சட்டம் மாறிவிட்டது. அவர்கள் பெற்றோர் அன்பானவர்கள். மத வெறுப்போ வறுமையோ வன்முறையோ இல்லாத வீடுகள். சட்டம், குடும்பம், பொருளாதாரம் என்று நாம் வழக்கமாகச் சுட்டிக்காட்டும் எல்லாக் காரணங்களையும் டோன்ட் வேண்டுமென்றே அகற்றிவிட்டு, எஞ்சியிருக்கும் பள்ளி முற்றத்தை மட்டும் நமக்குக் காட்டுகிறார். அங்கே பழைய விதி அப்படியே அமலில் இருக்கிறது.

இதே விதி வேறொரு நிலத்தில் எப்படி இயங்குகிறது என்பதற்கு, பாரி ஜென்கின்ஸ் இயக்கி 2016இல் வெளிவந்து, சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற ‘மூன்லைட்’டின் நடுப்பகுதியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மியாமியின் லிபர்ட்டி சிட்டி என்ற ஏழைக் கறுப்பினக் குடியிருப்பில் வளரும் ஷைரோனுக்கு நேர்வது கண்ணுக்குத் தெரியும் கொடுமை. வசை, துரத்தல், அடி எல்லாம் உண்டு. ஆனால் அதன் உச்சத்தைக் கவனியுங்கள். டெரல் என்ற முரடன் ஷைரோனைத் தானே அடிப்பதில்லை. ஷைரோன் யாரிடம் மனம் திறந்தானோ, கடற்கரையில் யாருடைய தோளில் சாய்ந்தானோ, அந்தக் கெவினையே எல்லோர் முன்னிலையிலும் அடிக்கச் செய்கிறான். எழாதே, கீழேயே கிட என்று கெவின் கெஞ்ச, ஷைரோன் ஒவ்வொரு அடிக்கும் எழுந்து நிற்கிறான். பின்னர் பெயர்களைச் சொல்லும்படி பள்ளி அலுவலர் கேட்கும்போது அவன் சொல்ல மறுக்கிறான். மறுபடி வகுப்புக்கு வந்து டெரலின் முதுகில் நாற்காலியை உடைத்து, காவல்துறை வாகனத்தில் ஏறுகிறான். மியாமியில் கெவினுக்கு ஒரு டெரல் தேவைப்பட்டான். பெல்ஜியத்துக் கிராமத்தில் லியோவுக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. டெரல் அவனுக்குள்ளேயே இருக்கிறான். இரண்டாவது நிலைமையே அஞ்சத்தக்கது என்பேன். டெரலைப் பள்ளியிலிருந்து நீக்கலாம். லியோவின் உள்ளே இருப்பவனை எந்த ஒழுங்கு நடவடிக்கையும் எட்டாது.

தமிழ்ப் பார்வையாளருக்கு இந்தப் படத்தில் ஏற்படும் ஒரு குழப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். உங்கள் கேள்வியிலும் அதன் சாயல் இருப்பதாக உணர்கிறேன். நம் ஊர்களில் ஆண்பிள்ளைகள் தோளில் கை போட்டுக்கொண்டும் விரல் கோத்துக்கொண்டும் தெருவில் நடப்பார்கள். ஒரே பாயில் படுத்து உறங்குவார்கள். யாருக்கும் அதில் வேறு எண்ணம் தோன்றாது. ஆகவே அந்த மாணவிகளின் கேள்வி நமக்கு ஏதோ ஐரோப்பியப் பழக்கமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே சந்தேகம் வேறு இடத்தில் போய் உட்கார்கிறது. நட்பைக் கேள்வி கேட்காத நம் வகுப்பறைகள் நடையையும் குரலையும் கையசைவையும் விட்டுவைப்பதில்லை. சற்று மென்மையாகப் பேசும் பையனை ‘ஒன்பது’ என்றும் ‘பொட்டை’ என்றும் கூப்பிடாத ஆண்கள் பள்ளி ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. சில வேளைகளில் ஆசிரியர்களும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்வதுண்டு என்பதைச் சொல்லும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. 2021 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணையில், பாடத்திட்டத்தில் மாற்றம் வேண்டும் என்பதோடு, பெற்றோர் ஆசிரியர் கழகங்களின் வழியாகப் பெற்றோருக்கும் தன்பாலீர்ப்பு உடைய, பாலின வேறுபாடுடைய பிள்ளைகள் பற்றிய புரிதலை ஏற்படுத்த வேண்டும் என்ற வழிகாட்டுதலும் உண்டு. நிர்வாகத்திடம் நீங்கள் பேச நேர்ந்தால் அந்த ஆணையைக் கையில் வைத்திருப்பது உதவும்.

படத்துக்குத் திரும்புகிறேன். பள்ளிச் சுற்றுலாவுக்கு ரெமி வரவில்லை. பேருந்து திரும்பும்போது பெற்றோர் கூட்டமாகக் காத்திருக்கிறார்கள். லியோவிடம் அவன் தாய் செய்தியைச் சொல்கிறாள். ரெமி எப்படி இறந்தான் என்பதை டோன்ட் காட்டுவதில்லை, விவரிப்பதும் இல்லை. அவன் வீட்டுக் குளியலறைக் கதவின் உடைந்த தாழ்ப்பாளை லியோவின் கண் வழியாக ஒரு முறை பார்க்கிறோம், அவ்வளவே. தற்கொலையைத் திரையில் காட்டும்போது முறையை விவரிக்கக் கூடாது, அதை அழகுபடுத்தவும் கூடாது என்று வல்லுநர்கள் வற்புறுத்துவதை இந்தப் படம் உண்மையாகவே மதித்திருக்கிறது.

இதன்பின் வரும் பாதிப் படம் குற்றவுணர்வைப் பற்றியது. வகுப்பில் ஆற்றுப்படுத்துநர் பிள்ளைகளைப் பேசச் சொல்கிறார்; ரெமி மகிழ்ச்சியானவன் என்று யாரோ சொல்ல, உனக்கு எப்படித் தெரியும் என்று லியோ சினந்து கேட்கிறான். ஹாக்கியில் கையை முறித்துக்கொள்கிறான். மாவுக்கட்டுப் போடும்போது அவன் அழுகிற அழுகை எலும்புக்கானது இல்லை என்பது நமக்குத் தெரியும். பூக்கள் அறுக்கப்படுகின்றன, நிலம் உழப்படுகிறது, மறுபடி நடப்படுகிறது. கடைசியில் சோஃபியின் காரில், நான்தான் அவனைத் தள்ளிவிட்டேன் என்று சொல்லிவிடுகிறான். அவள் அவனைக் காரிலிருந்து இறங்கச் சொல்கிறாள். பிறகு தேடிக்கொண்டு காட்டுக்குள் ஓடுகிறாள். அவள் அடிக்கப்போகிறாள் என்றெண்ணி ஒரு குச்சியை ஓங்கிக்கொண்டு நிற்கும் சிறுவனை அவள் அணைத்துக்கொள்கிறாள். சோஃபியாக நடித்த எமிலி டெக்கென், 1999இல் தம் முதல் படத்துக்கே கான் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றவர். 2025 மார்ச்சில் புற்றுநோயால் காலமானார். மகனை இழந்தவளின் கோபமும், எதிரே நிற்பதும் ஒரு குழந்தைதான் என்ற உணர்வும் ஒரே கணத்தில் அவர் முகத்தில் மோதுவதைப் போல வேறு எங்கும் நான் கண்டதில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ரெமியை நாம் லியோவின் வழியாக மட்டுமே அறிகிறோம்; அவன் தனிமையில் என்ன நினைத்தான், யாரிடம் பேச முயன்றான் என்பது எதுவும் தெரியாது. பாதிக்கப்பட்டவனைச் சாகவைத்து, பாதிப்பை உண்டாக்கியவனின் மனவளர்ச்சிக்கு அந்தச் சாவைப் பயன்படுத்திக்கொண்டது என்று சில விமர்சகர்கள் இதைக் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. காலை உணவு மேசையில் ரெமி வயிற்று வலி என்று சொல்லி அழும் காட்சி ஒன்றே அவன் பக்கமிருந்து நமக்குக் கிடைக்கும் சாட்சியம். அதைப் போல இன்னும் இரண்டு காட்சிகள் இருந்திருந்தால் படம் குறைந்துபோயிருக்காது. பதின்பருவத் தன்பாலீர்ப்பாளர்களைப் பற்றிய கதை என்றாலே சாவில்தான் முடிய வேண்டும் என்ற வழக்கம் திரையில் நெடுங்காலமாக இருந்துவருவதும், அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அது என்ன சொல்கிறது என்பதும் உண்மையான கவலைகள்.

இந்தக் கவலையே உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலையும் தீர்மானிக்கிறது. முழுப் படத்தையும் ஒரு பெரிய கூடத்தில் இருநூறு பிள்ளைகளை உட்காரவைத்துக் காட்ட வேண்டாம். அந்தக் கூட்டத்தில் ஒரு ரெமி இருந்தால், தனக்கு முன்னால் இருக்கும் வழி இது ஒன்றுதான் என்று அவன் எண்ணிவிடக்கூடும். அன்றைய தினம் அவன் யாரிடமும் பேசாமல் வீட்டுக்குப் போய்விடவும் கூடும். முழுவதும் காட்டுவதென்றால் சிறு குழுவாக, காலை நேரத்தில், படத்தில் ஒரு தற்கொலை வருகிறது என்பதை முன்கூட்டியே சொல்லி, பார்க்க விரும்பாதவர்கள் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ள இடமளித்து, பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு காட்டுங்கள். இந்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416ஐப் பலகையில் எழுதிவையுங்கள். அதில் தமிழிலும் பேசலாம்.

இவ்வளவு ஏற்பாடு இயலாதென்றால், தொடக்கத்திலிருந்து மாணவிகள் கேள்வி கேட்கும் காட்சி வரையிலான பகுதியை மட்டும் காட்டி நிறுத்துங்கள். அந்தக் காட்சியில் யார் தவறு செய்தார்கள் என்று கேட்காதீர்கள். பிள்ளைகள் உடனே அந்தப் பெண்கள் மீது பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுவார்கள். லியோவுக்கு அந்த நிமிடம் எதைக் கண்டு பயம் வந்தது என்று கேளுங்கள். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும்; நீங்கள் அதை நிரப்ப முயல வேண்டாம். பிறகு எதையும் வாய்விட்டுச் சொல்ல வற்புறுத்தாமல், பெயரில்லாத துண்டுத்தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். யார் எழுதியது என்று கண்டுபிடிக்க முயலமாட்டேன் என்று முதலிலேயே உறுதி கொடுங்கள். வாசித்து முடித்ததும் தாள்களைக் கிழித்துவிடுங்கள். அடுத்த சில வாரங்களுக்கு, எந்த இரண்டு பிள்ளைகள் திடீரென்று ஒரே பெஞ்சில் உட்காருவதை நிறுத்துகிறார்கள் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டிருங்கள்.